கையில் சுழன்ற கார்

எங்கள் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இவரிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டார்கள். பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. கிளட்ச் சார் என்றால் தபால்காரர்கூட வழி காட்டுவார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கோபம் வந்தால் அவர் மனைவியே "இந்தக் கிளட்ச்சக் கட்டிக்கிட்டு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

சின்ன வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர். டயர் மாற்றி, கண்ணாடி துடைத்து, ஓட்டுநர் தூங்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, ஒரு நாள் ஓட்டுநரே ஆனார். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டில் தங்குகிற வேலை வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்ததால் லாரியை விட்டு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார். அவர் பாடம் நடத்தும் முறை கொஞ்சம் விசித்திரம். ஓட்டுகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "லெஃப்ட்ல நாய், ரைட்ல தண்ணி லாரி, முன்னால குடை பிடிச்ச அம்மா" என்று. சொல்லாமல் விட்டது எதுவோ அதைத்தான் நீ இடிப்பாய் என்பார். பெரிய பதவியில் இருந்தவர்கள்கூட அந்த வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்துக்கொண்டு போவார்கள்.

நான் அவர் வீட்டுக்குப் போனது ஓட்டக் கற்க இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, இந்த வயதில் கற்கும் உத்தேசமும் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். அவருக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்து, பிறகு மெல்ல எழுந்தன. காலையில் போய்க் குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, பயிற்சி செய்ய வைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புவது என் வேலை.

கை கால் நன்றாகவே தேறின. தேறாதது வேறொன்று. மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதிலிருந்து போய்விடும். கண்ணில் கோளாறு இருக்காது. ஆனால் இடப்புறம் இருப்பதைக் கண் தேடிப் போகாது, போகவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கிளட்ச் சார் தட்டில் வலப்பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, சோறு போதவில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டார். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். மீதிப்பாதி வந்தது. "இப்ப வெச்சீங்களா?" என்று கேட்டார். முகத்தின் வலப்பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டார். பத்திரிகையில் ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து படித்துவிட்டு, இப்போதெல்லாம் ஒருத்தனுக்கும் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை என்று குறைப்பட்டார். வாசல் நிலையில் இடது தோள் இடிக்காத நாளில்லை. வீடு கட்டிய மேஸ்திரிதான் அதற்கும் திட்டு வாங்கினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் கேட்டது, பக்கத்து இருக்கையிலும் பிரேக் வைத்த தன் பழைய ஸ்கூல் காரின் சாவியை. மறுபரிசோதனை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். "அந்த டாக்டரே என்கிட்டதான் படிச்சார். இன்னிக்கும் அவருக்கு ரிவர்ஸ் வராது" என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். சாவி மருமகனின் கால்சட்டைப் பையில் இருந்தது. மகளும் மருமகனும் ஐந்து வயதுப் பேத்தியும் மாடியில் குடியிருந்தார்கள். மருமகன் மாடிப்படியில் இறங்கும் சத்தம் கேட்டாலே கீழிருந்து குரல் வரும்: "மாப்பிள்ளை, சாவி." அந்த மனிதர் சாது. அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை பதில் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோனார்.

அப்படிச் சோர்ந்த ஒரு சாயங்காலம் கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். பிளாஸ்டிக்கில் செய்யும் மாடல் கார். உள்ளங்கையில் வைத்தால் இரண்டு முனையும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. உருண்டையான முகப்பும், பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கையும் வைத்த பழைய காலத்துக் கார். விரல்களுக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமனார் சாவியைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும், பத்திரப் பதிவு முடித்த மாதிரி அவர் அறிவித்தார். "சிஸ்டர், இந்த வண்டிய முழுசா நானே செஞ்சு முடிச்சா சாவி என் கையில. மாப்பிள்ளை வாக்குக் குடுத்துட்டார்."

மருமகனை மாடிப்படியில் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, இது கையைத்தான் சோதிக்கும். அவருக்குக் குறை கையில இல்ல."

"எனக்குத் தெரியும் சிஸ்டர். அவர் எங்க இத முடிக்கப் போறார். அதுக்குள்ள ஆஸ்பத்திரி தேதி வந்துடும். கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டுமே."

யாருடைய நிம்மதி என்று நான் கேட்கவில்லை.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன. கொடியில் காய்த்த மாதிரி அவற்றில் பாகங்கள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். படம் போட்ட தாளைப் பார்த்து, எண்ணைத் தேடி, சின்னக் கட்டரால் வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத்தாளில் தேய்த்து ஒட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியை அவர் பிடித்துக்கொண்டார். எந்தப் பாதி என்று சொல்லத் தேவையில்லை.

முதல் வாரம் கூச்சலாகவே போனது. தாளின் இடது ஓரத்தில் அச்சிட்டிருந்த படங்களை அவர் பார்க்கவே இல்லை. எஞ்சினைப் பூட்டியபின் உருளையும் விசிறியும் மிச்சமாயின. பக்கக் கண்ணாடி ஒன்று பெட்டியில் இல்லை என்று கடைக்காரருக்கு போன் செய்து நேர்மை, நாணயம் பற்றியெல்லாம் பாடம் எடுத்தார். பாகங்கள் பரப்பியிருந்த தட்டை நான் அரைவட்டம் திருப்பினேன். கண்ணாடி அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். போனில் அந்தக் கடைக்காரரிடம், "சரி, இருக்கு, வைங்க" என்றார்.

எப்போதோ அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தாளிலிருந்த படங்களைத் தனித்தனியாக வெட்டி, சீட்டு மாதிரி அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு அச்சு நெருக்கமாக இருக்கிறதாம். பாகங்களைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவும் பழகினார். அதற்குப் பிறகு வேலை ஓடத் தொடங்கியது. பயிற்சி செய்யக் கூப்பிட்டால் முனகுகிற இடது கை, காரின் வெளிக்கூட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் முனகாமல் பிடித்துக்கொண்டது. வெள்ளிப்பூச்சுப் போட்ட பாகங்களில் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். ஊசி முனையால் அவர் சுரண்டிய சுத்தத்தை வார்டில் தையல் பிரிக்கும் பெண்களிடம் நான் பார்த்ததில்லை.

எனக்குக் கவலை பிடித்தது அப்போதுதான். மருமகன் கணக்கு தப்பப் போகிறது. இந்த மனிதர் முடித்துவிடுவார்.

கார் கூட்டைத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கவிழ்த்து மாட்டி, பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்துப் பெயின்ட் அடித்தார். முதலில் அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர். காய்ந்தபின் கூரைக்கு வெண்ணெய் நிறம். அது முழுக்கக் காய்ந்ததும் கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடி, உடம்புக்குக் கரும்பச்சை. ஸ்ப்ரே டப்பாவை வலது கையில் பிடித்து, இடது கையால் பாட்டிலை மெல்லச் சுழற்றினார். டப்பா நின்ற இடத்திலேயே நின்றது. கார்தான் சுற்றியது. முன்பக்கம், கதவு, பின்பக்கம், மறு கதவு என்று ஒவ்வொன்றும் வரிசையாக வலப்பக்கம் வந்து பச்சை வாங்கிக்கொண்டு போயின. ஓர் இடம் விடுபடவில்லை, ஓர் இடம் வழியவில்லை.

நான் துணி உலர்த்தும் சாக்கில் நின்று பார்த்தேன். கையில் இருக்கும் பொருளுக்கு இடது ஏது, வலது ஏது. திருப்பினால் எல்லாம் வலதுதான். தெருவை அப்படித் திருப்ப முடியாது.

மகளிடம் சொன்னேன். மகள் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து தேதியை முன்னுக்கு இழுக்கப் பார்த்தாள். அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது என்றார்கள். மனைவியிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நல்லாதானேக்கா இருக்கார். இவ்வளவு குட்டி குட்டி பாகத்தைப் பொருத்துறவருக்கு ரோடு தெரியாதா?" என்றார். குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் நோயாளி ஆனதிலிருந்து அந்த அம்மாள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாக அலைந்து களைத்திருந்தார். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் போதும், நம்பத் தயாராக இருந்தார்.

முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு தடங்கல் வந்தது. முன்கண்ணாடியை ஒட்ட, சட்டென்று பிடிக்கும் பசையை எடுத்துவிட்டார். அந்தப் பசையின் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெளுத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பால் படர்ந்திருந்தது. மேஜையை விட்டு எழுந்து போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மதியம் சாப்பிடவில்லை. மருமகன் என்னைப் பார்த்தார். அவர் மனதில் ஓடியது என் மனதிலும் ஓடியது: இப்படியே நின்றுபோகட்டும். ஆனால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுக்கிற நோயாளி எங்கே போய்ச் சேருவார் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல் தேய்க்கும் பேஸ்ட்டையும் பழைய பனியன் துணியையும் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தேன். "பித்தளைப் பாத்திரம் மாதிரி தேச்சுப் பாருங்க, போகலைன்னா அப்புறம் படுங்க" என்றேன். நீரில் நனைத்த உப்புத்தாளில் முதலில் தேய்த்து, பிறகு பேஸ்ட்டால் தேய்த்து, இரண்டு நாளில் கண்ணாடியைத் தெளிய வைத்துவிட்டார். இந்தத் தடவை வெள்ளைப் பசை.

சனிக்கிழமை டேப்பைப் பிரித்தார். வீடே கூடி நின்றது. டேப்புக்கு அடியில் பச்சை கசிந்திருந்தால் கூரை ஓரம் நாசமாகியிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாளை மடித்து இழுக்கிற மாதிரி இழுத்தார். வெண்ணெய் நிறத்துக்கும் பச்சைக்கும் நடுவில் கோடு கத்தியால் கீறியது போல இருந்தது. அன்று மதியத்துக்குள் விளக்குகள், பம்பர், நான்கு சக்கரம் எல்லாம் ஏறிவிட்டன. பேத்தி மேஜை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். தொட்டால் கை ஒடியும் என்று தாத்தா சொல்லியிருந்தார்.

மருமகன் காரைத் தூக்கி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். குறை தேடினார் என்று நினைக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

"மாப்பிள்ளை," என்றார் கிளட்ச் சார். கையை நீட்டினார்.

சாவி கை மாறியது. நாளைக்கு மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு மைத்துனி வீட்டுக்குப் போவதாக அங்கேயே முடிவானது. மகள் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

கத்தினால் இவர் கேட்க மாட்டார். நோயைச் சொன்னால், எனக்கேது நோய் என்பார். அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், ஒரு சந்தேகம். உங்க ஸ்கூல்ல ஒருத்தர் மாசக்கணக்கா வண்டியத் தொடாம இருந்துட்டு வந்தா, நேரா ரோட்டுல விடுவீங்களா?"

"ரோட்டுலயா? நல்லா கேட்டீங்க. கிரவுண்டுல ஓட்டிக் காட்டணும். பக்கத்துல நான் ரெண்டாவது பிரேக்ல காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"யாரா இருந்தாலுமா?"

நான் எங்கே கொண்டுபோகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு என்னை முறைத்தார். மனைவி, "அக்கா சொல்றதுல என்ன தப்பு, காலைல ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன், நான் அதுக்குள்ள கிளம்பி நிக்கிறேன்" என்றார். சொந்தச் சட்டத்தை மீறக் கிளட்ச் சாருக்கு மனம் வரவில்லை. "பொடியன வரச் சொல்லு" என்றார்.

பொடியன் என்பவருக்குத் தலை முழுக்க வழுக்கை. இவரிடம் ஓட்டக் கற்று, இவரிடமே வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஸ்கூலை நடத்துகிறவர். அவரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே கூடாது, மரியாதைக்காகக்கூட எடுக்கக்கூடாது என்றேன்.

"சார் பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிக்கிறதா? அதுக்கு அவர் என்னை மிதிச்சாலும் பரவால்ல சிஸ்டர்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உதடு காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரவுண்டுக்குப் போனோம். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் முற்றம் அது. சுற்றிலும் மதில், நடுவில் வெள்ளைக் கோடுகள், வரிசையாக மஞ்சள் கோன்கள். வேறு ஒருவரும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் அவர். இடப்பக்கம் இரண்டாவது பிரேக்கோடு பொடியன். பின்னால் நான், இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு.

உட்கார்ந்ததும் அந்த மனிதரே மாறிப்போனார். இருக்கையை நகர்த்தினார், கண்ணாடியைச் சரிசெய்தார், பெல்ட்டைப் போட்டார். இடது கை கியரைத் தானாகத் தேடிப் பிடித்தது. வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரி கிளம்பியது. வலப்புறமாக ஒரு வட்டம் அடித்தார். கோட்டை ஒட்டி, ஓர் அங்குலம் பிசகாமல். பொடியன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டார் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

"சொல்லிக்கிட்டே ஓட்டுங்க சார்," என்றேன். "உங்க பிள்ளைங்கள ஓட்டச் சொல்ற மாதிரி."

அவருக்கு அது பிடித்தது. குரலை உயர்த்திச் சொல்லத் தொடங்கினார்.

"ரைட்ல மதில். ரைட்ல கம்பம், கம்பத்துல காக்கா. முன்னால கேட். ரைட்ல மரம், மரத்தடியில பழைய டயர்."

நான் இடது ஜன்னலைப் பார்த்தேன். அங்கே காவல்காரரின் கொட்டகை இருந்தது. கொடியில் சிவப்புப் போர்வை காய்ந்தது. நிறுத்தி வைத்த ஒரு வேன் இருந்தது. அதெல்லாம் எங்களைக் கடந்து போயின. ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை.

"ரைட்ல தண்ணி டேங்க். ரைட்ல ஏணி."

இடப்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். இன்னொன்று.

"என்னடா அது?"

"கோன், சார்."

"எவன் அங்க கொண்டு வெச்சான்?"

"நீங்க வெக்கச் சொன்ன எடம்தான் சார்," என்றார் பொடியன். இப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் விறைத்திருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தபோது கொட்டகைப் பக்கமிருந்து சைக்கிள் வந்தது. காவல்காரர். கைப்பிடியில் டீ கேன் தொங்கியது. சாவகாசமாக மிதித்துக்கொண்டு நேராக எங்கள் முன்னால் குறுக்கே வந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்தும் நிற்கவில்லை.

"முன்னால சுவர்," என்றார் கிளட்ச் சார், அதே தெளிவான குரலில். "ரைட்ல வாய்க்கால். ரைட்ல மூடி இல்லாத..."

பொடியன் மிதித்தார். நான் முன் இருக்கையில் போய் மோதினேன். எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது.

"ஏன்டா மிதிச்ச?"

பொடியன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"உன்னைத்தான் கேக்குறேன். நல்லா போய்க்கிட்டிருந்த வண்டிய ஏன் மிதிச்ச?"

"சைக்கிள், சார்."

"எங்க சைக்கிள்?" அவர் கண் வலப்புற வாய்க்காலையும் சுவரையும் தேடியது. "எங்கடா இருக்கு சைக்கிள்?"

வார்டுக் குரல் என்று ஒன்று எனக்கு உண்டு. அதை எடுத்தேன். "சார், தலைய லெஃப்ட்ல திருப்புங்க. இன்னும். பொடியன் முகம் வந்துச்சா? அங்க நிறுத்தாதீங்க. அவருக்கும் அந்தப் பக்கம். இன்னும் திருப்புங்க."

கழுத்தைக் கையால் தள்ளுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பானெட்டின் இடது மூலையை ஒட்டிக் காவல்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஆனால் அந்த ஆள் பயந்த மாதிரி தெரியவில்லை. வாயெல்லாம் பல்லாக ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"நல்லாயிருக்கீங்களா சார்? எழுந்து வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ஓட்டுறது நீங்கதான்னு தெரிஞ்சுச்சு, அதான் நிக்காம குறுக்க வந்துட்டேன்."

காவல்காரர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கேனை ஆட்டிக்கொண்டு போனார். அவர் வலப்பக்கம் போய் வாய்க்காலைத் தாண்டும்வரை இவர் கண்ணால் பின்தொடர்ந்தார். பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பி உருவினார். ஒன்றையும் மறக்கவில்லை.

"பொடியா."

"சார்."

"நான் லெஃப்ட்ல ஏதாவது சொன்னேனா?"

பொடியன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பொய் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"இல்ல, சார்."

"கிளம்பினதுலேர்ந்தா?"

"கிளம்பினதுலேர்ந்து."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுவார் என்று பொடியன் நினைத்திருப்பார் போல, கைக்குட்டையை வெளியே எடுத்தார். அவர் அழவில்லை. என்னிடம் கேட்டார், "இது போகுமா, சிஸ்டர்?"

"சில பேருக்குப் போகும். சில பேருக்குக் கொஞ்சம் போகும். உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா அங்க ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் ஒத்துக்கிட்டீங்க. இனிமே பயிற்சி சொல்லிக் குடுத்தா பலிக்கும்."

"அந்தப் பக்கத்துல எம்பேத்திய உக்கார வெச்சிருப்பேன்," என்றார்.

 

இறங்கினார். பொடியன் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தார்; இவர் பழக்கத்தில் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஆசிரியர் இருக்கைப் பக்கம் போனார். அங்கேயும் ஒரு பிரேக் இருக்கிறது என்பதால் நான் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம் இரண்டு கதவையும் பார்த்தார். பிறகு பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னிருக்கையில் காலை நீட்ட இடமில்லை, இதில் எப்படி மனிதர்கள் உட்காருகிறார்கள் என்றார். பொடியன் கிளட்ச்சை விட்டதில் அதிர்ந்துவிட்டதாக வழியெல்லாம் திட்டினார். பொடியன் ஒவ்வொரு திட்டுக்கும் "சரி சார், சரி சார்" என்றார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் எல்லாரும் நின்றார்கள். மனைவி நல்ல உடை உடுத்தி, கைப்பையைத் தோளில் மாட்டி, தங்கைக்கு ஒரு டப்பாவில் பலகாரமும் எடுத்துக்கொண்டு தயார். பேத்தி ஓடி வந்து காரின் கதவில் தொங்கினாள். பின்னிருக்கையிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்ததும் மனைவியின் முகக்களையில் பாதி போய்விட்டது. நான் ஒதுங்கி நின்றேன். இது அவர் சொல்ல வேண்டியது.

"மாப்பிள்ளை," என்றார். இந்தத் தடவை கையை நீட்டியது சாவியைக் கொடுக்க. "நீங்களே வெச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. கேப்பேன்."

"என்ன மாமா ஆச்சு?"

"எனக்கு லெஃப்ட் தெரியல. ஒருத்தன இடிச்சிருப்பேன்."

மகள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மனைவிதான் முதலில் அசைந்தார். பலகார டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப தங்கச்சி வீடு?"

"போலாம். பஸ்ல."

"பஸ்லயா? இந்த முழங்கால வெச்சுக்கிட்டா?"

"நான் கையக் குடுக்குறேன், வா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கால் நல்லா இருக்குல்ல."

மருமகன் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சாவியைத் தூக்கிக் காட்டினார். வேண்டாம் என்று மாமனார் தலையசைத்துவிட்டார். இன்றைக்கு அந்த வண்டியில் பயணியாக உட்கார மனசு வரவில்லை போலிருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. நடப்பதும் நல்லதுதான்.

பேத்தியை அம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மனைவி எப்போதும் போல அவருக்கு வலப்பக்கம் போய் நின்றார். நான் தோளைத் தொட்டு இடப்பக்கம் போகச் சொன்னேன்.

"ஏன்க்கா? கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்தப் பக்கம்தான் நடக்குறேன்."

"இந்தப் பக்கத்த அவரே பாத்துக்குவார். அந்தப் பக்கம் லாரி வரும்."

அந்த அம்மாள் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். கணவரின் முழங்கையைப் பிடித்தார். மனைவியைக் காணோமே என்று அவர் வலப்பக்கம் தேடினார். பிடி இறுகியதும் கழுத்தை முழுக்கத் திருப்பி, அங்கே மனைவி இருப்பதைப் பார்த்துவிட்டு, தெருவில் இறங்கினார்.